பாய்லர் தண்ணீர்

பிப்ரவரி 5, திங்கள்

மண்டியிலிருந்து நான்கு மூட்டை மல்லாட்டைத் தோல் வந்து இறங்கியது. வாட்ச்மேன் லேபுக்குள் எட்டிப் பார்த்து, மாடு எப்போது வரும் என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஹெப்சிபா மேடத்தின் புது ஆராய்ச்சி இது. வேர்க்கடலைத் தோலைப் பொடித்து, அடைத்து, வேகவைத்து ஒரு திரவம் எடுக்க வேண்டும். அதை வைத்து ஜூஸ், சர்பத், டீ மாதிரி குடிக்கிற பொருளில் காரீயம் கலந்திருக்கிறதா என்று பார்க்கலாமாம். பெரிய மெஷின் இல்லாத ஊரிலும் பார்க்க முடியணும் அம்சவேணி, சூளையில போட்டு எரிக்கிற தோலுதானே, என்றார். பதினொரு வருடமாக இந்தக் கல்லூரி லேபில் அசிஸ்டெண்டாக இருக்கிறேன். குப்பையை வைத்து ஆராய்ச்சி என்பது இதுதான் முதல் தடவை.

பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் வழக்கம்போல் எங்கள் டீக்கடையிலிருந்து ஃப்ளாஸ்க் வந்தது. கடையில் எத்தனை கூட்டம் இருந்தாலும் என் வீட்டுக்காரர் அதை மறப்பதில்லை.

பிப்ரவரி 8, வியாழன்

நாள் முழுக்கத் தோலைக் கழுவிக் காயவைத்து மிக்ஸியில் அடித்தேன். மூக்கெல்லாம் தூசி. தும்மினால் மல்லாட்டை வாசனை வருகிறது. பொடியைத் தண்ணீரோடு எஃகு டப்பாவில் போட்டு, ஸ்பேனரால் இறுக்கி, அடுப்பில் இருநூறு டிகிரியில் வைத்தோம். எட்டு மணி நேரம் திறக்கக்கூடாது. வீட்டுக்குப் போகும்போது புழுங்கலரிசி வாங்க வேண்டும்.

பிப்ரவரி 9, வெள்ளி

திறந்து வடிகட்டினால் கடுங்காப்பி மாதிரி ஒரு தண்ணீர். இதற்கா இத்தனை பாடு என்று நினைத்தேன். அதில் ஒரு சொட்டை ஒரு டியூப் நல்ல தண்ணீரில் விட்டு, மேடம் ஜன்னலை மூடச் சொல்லி ஊதா டார்ச்சை அடித்தார்.

நீலமாக எரிந்தது. டியூபுக்குள் யாரோ விளக்கு வைத்த மாதிரி. அதில் காரீயக் கரைசல் ஒரு சொட்டு விட்டதும் அப்படியே மங்கிப்போய் வெறும் தண்ணீர் ஆகிவிட்டது. மறுபடி மறுபடி செய்து பார்த்தேன். மேடம் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். கடைக்குப் பின்னாலேயே மண்டியை வைத்துக்கொண்டு இது தெரியாமல் போய்விட்டதே என்றார். பேசும்போது வலது மணிக்கட்டைப் பிடித்து அமுக்கிக்கொண்டே இருந்தார். பதினெட்டு வருடமாக டீ ஆற்றுகிற கை. இப்போதெல்லாம் இடது கையால்தான் ஆற்றுகிறார்.

பிப்ரவரி 14, புதன்

தள்ளிப்போய் இன்றோடு பதிமூன்று நாள். இங்கே எழுதுவதற்குக்கூட பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 19, திங்கள்

திண்டிவனம் முழுக்கச் சுற்றி பாட்டில் பாட்டிலாக வாங்கிவந்தேன். கரும்பு ஜூஸ், நன்னாரி சர்பத், ரோஸ் மில்க், பொவண்டோ நிறத்தில் ஒரு பெயர் தெரியாத கலர். ஒன்றும் பெரிதாக மங்கவில்லை. மேடத்துக்குக் கொஞ்சம் ஏமாற்றம், எனக்கு நிம்மதி. ஊரில் குடிக்கிறதெல்லாம் நல்லதாகத்தானே இருக்க வேண்டும்.

டீயும் வேண்டும் என்றார். எங்கள் கடையிலிருந்தே கொண்டுவருகிறேன் என்றேன். அதைவிடச் சுத்தமான டீ கிடைக்காது. எங்கள் பாய்லர் செம்பு. உள்ளே பச்சையாகக் களிம்பு கட்டியிருந்ததை நான்தான் பார்த்து, கோயில் தெருவில் உட்கார்ந்திருந்த ஈயம் பூசுகிறவரைக் கையோடு கூட்டிவந்து பூசவைத்தேன். 2019 சித்திரையில். அதற்குப் பிறகு வருடா வருடம் அவரே வந்து பூசிவிட்டுப் போகிறார். கெமிஸ்ட்ரி படித்த பெண்டாட்டி வாய்த்தால் இப்படித்தான் என்று இவர் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். மேடத்திடமும் இதைச் சொன்னேன்.

பிப்ரவரி 21, புதன்

லேடி டாக்டரிடம் போனேன். உறுதிதான்.

இவரிடம் சொன்னேன். கடையைச் சாத்திவிட்டு வந்து, அடுப்படியில் நின்று, நான் போட்டுவைத்திருந்த பாத்திரத்தையெல்லாம் துலக்கினார். அப்புறம், இந்தத் தடவை யாருக்கும் சொல்ல வேண்டாம், உங்கம்மாவுக்குக்கூட வேண்டாம் என்றார். சரி என்றேன்.

முன்னால் தங்காமல் போன மூன்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

பிப்ரவரி 26, திங்கள்

எங்கள் டீயில் வெளிச்சம் போய்விட்டது.

மேடம் பதறவில்லை. டீயின் நிறமே வெளிச்சத்தை விழுங்கும், அதில் இருக்கிற துவர்ப்பும் மங்க வைக்கும், டீயை நேராகப் பார்க்கக்கூடாது என்றார். டீத்தூள் போடாமல் பாய்லர் தண்ணீர் மட்டும் நாளைக்குக் கொண்டுவரச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 27, செவ்வாய்

காலையில் கடைக்குப் போய், இரண்டு பாட்டிலில் பாய்லர் தண்ணீர் பிடித்தேன். கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. குழாய்த் தண்ணீர் ஒரு பாட்டிலும் எடுத்துக்கொண்டேன்.

குழாய்த் தண்ணீர் நீலமாக எரிந்தது. பாய்லர் தண்ணீர் எரியவில்லை.

செம்புகூட இப்படிச் செய்யும் என்றார் மேடம். செம்பைப் பிடித்து வைக்கிற மருந்தைக் கலந்து மறுபடி பார்த்தார். எரியவில்லை. எனக்குத் தெரியாமல் இன்னொரு தடவை டார்ச்சின் பேட்டரியை மாற்றிப் பார்த்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஜனங்களுக்கு ஈயம் என்றால் ஈயம்தான், மேடம் சொல்லும்போதுதான் அது இரண்டாகிறது. பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். அதில் மலிவுக்காகக் காரீயத்தைக் கலந்து உருக்கினால் பார்வைக்குத் தெரியாது. சென்னையில் பெரிய லேபுக்கு மாதிரி அனுப்பியிருக்கிறோம். ஒரு வாரம், பத்து நாள் ஆகும்.

“இப்பவே உறுதியா சொல்ல முடியாது. ஆனா வீட்டுக்காரர்கிட்ட சொல்லி பாய்லரை இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க. சட்டியில காய்ச்சிக்கட்டும்” என்றார் மேடம்.

சொல்கிறேன் என்றேன்.

சாயங்காலம் கடையில் நல்ல கூட்டம். மண்டியில் ஏலம் முடிந்து எல்லோரும் வந்திருந்தார்கள். நடுவில் கூப்பிட்டு என்ன சொல்வது. ரிப்போர்ட் வரட்டும்.

பிப்ரவரி 28, புதன்

பத்து மணி ஃப்ளாஸ்க்கை சிங்க்கில் கொட்டினேன். மூன்று மணியுடையதும். ஃப்ளாஸ்க்கை இரண்டு தடவை அலசி வைத்தேன்.

பிப்ரவரி 29, வியாழன்

கொட்டினேன். வீட்டில் தனியாகப் பால் காய்ச்சிக் குடித்தேன்.

மல்லாட்டைத் தோல் இரண்டாவது மூட்டையைப் பிரித்தாயிற்று.

மார்ச் 2, சனி

கல்லூரி அரை நாள். கடைக்குப் போயிருந்தேன். எதிரே பூ கட்டுகிற அஞ்சலாட்சி டீ குடித்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதம். புருஷன் பெங்களூரில் கட்டட வேலை. மெலிந்த உடம்பு, வயிறு மட்டும் தனியாகத் தெரிகிறது. ஒரு நாளைக்கு நான்கு டீ குடிப்பாள். இவர் அவளுக்கு மட்டும் பால் கூட ஊற்றிக் கொடுப்பார்.

வயிற்றுப்பிள்ளைக்காரி இவ்வளவு டீ குடிக்கக்கூடாது என்று சொன்னேன். “அண்ணன் டீ இல்லன்னா எனக்கு ஒண்ணும் வயித்துல நிக்காதுக்கா” என்று சிரித்தாள். காலி கிளாஸைப் பலகையில் வைத்துவிட்டு, ஒரு முழம் கனகாம்பரம் நறுக்கி என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

தலையில் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 4, திங்கள்

கொட்டினேன். சாயங்காலம், டீ எப்படி இருந்தது, இன்றைக்குப் புதுத் தூள் என்று கேட்டார். நன்றாக இருந்தது என்றேன். வயிறு வலிக்கிறது என்று இவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். தண்ணீர் வீட்டுக் குழாய்த் தண்ணீர்தான்.

மார்ச் 5, செவ்வாய்

மூன்று தேதிகள் என் மனதில் இருக்கின்றன. 2020 ஜனவரி. 2021 ஆகஸ்ட். 2022 டிசம்பர். பாய்லருக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று ஒன்றும் கட்டாயம் இல்லை. எனக்கு ரத்தம் எப்போதும் குறைவுதான், மாமியார் சொல்வதுபோல என் உடம்பு வாகுதான். ரிப்போர்ட் வரும்வரைக்கும் எதையும் நினைக்கக்கூடாது.

மார்ச் 7, வியாழன்

ரிப்போர்ட் வந்துவிட்டது. தண்ணீரில் இருக்கலாம் என்கிற அளவைப்போல நாற்பது மடங்கு காரீயம். மேடம் என் தோளில் கை வைத்தார். நல்லவேளை அன்னைக்கே நிறுத்திட்டீங்க என்றார். நான் தலையாட்டினேன்.

நேராகக் கடைக்குப் போனேன். இவரைப் பின்பக்கம் கூப்பிட்டுச் சொன்னேன். முதலில் புரியவில்லை. கடலைத்தோல் எப்படி இதையெல்லாம் சொல்லும் என்று கேட்டார். காகிதத்தைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார், இங்கிலீஷ் என்று திருப்பிக் கொடுத்தார். உள்ளே போய் கேஸை அணைத்தார். நான்கைந்து பேர் டீக்கு நின்றார்கள். இன்றைக்கு டீ இல்லை, போங்கள் என்றார். பாய்லரின் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் முழுக்கச் சாக்கடையில் ஓடி முடிகிறவரை பக்கத்திலேயே நின்றார்.

“நம்ம எந்த வருசம் இதுக்கு ஈயம் பூசுனோம்?”

“பத்தொன்பது.”

இவர் விரல் எதையோ எண்ணியது. அப்புறம், இது எப்போது தெரியும் என்று கேட்டார்.

இன்றைக்குத்தான் ரிப்போர்ட் வந்தது என்று சொன்னேன். அது பொய் இல்லை.

மார்ச் 11, திங்கள்

இவர் கடையைத் திறந்து வைத்திருக்கிறார், அடுப்பைப் பற்றவைக்கவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் ஒவ்வொருவராகச் சொல்கிறார். என் கடைத் தண்ணீரில் விஷம் இருந்திருக்கிறது, ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். இப்படிப் பச்சையாகச் சொல்ல வேண்டாம் என்று மண்டிக்காரர்கள்கூடச் சொன்னார்களாம். ஒருவர் கிளாஸ் அடுக்கைத் தட்டிவிட்டுப் போனார். ஒருவர் பதினைந்து வருடமாகக் குடிக்கிறேன், எனக்கு என்ன ஆகிவிட்டது, போடு ஒரு டீ என்றார்.

இவர் ஈயம் பூசினவரைத் தேடிப் போனார். கோயில் தெருவில் இல்லை. போன தீபாவளியோடு ஊரைவிட்டுப் போய்விட்டாராம். அவருக்கும் கை விழுந்துவிட்டது, துருத்தியைப் பிடிக்க முடியாமல்தான் போனார் என்று பக்கத்தில் செருப்புத் தைக்கிறவர் சொன்னாராம்.

மார்ச் 14, வியாழன்

மேடம் பேசி ஏற்பாடு செய்து, பதினேழு பேருக்கு ரத்தம் பார்த்தார்கள். எல்லோருக்கும் கொஞ்சமாவது இருக்கிறது. இவருக்குத்தான் அதிகம். டாக்டர் இவர் உதட்டை விலக்கி ஈறைக் காட்டினார். வரிசையாக நீலக்கோடு. வெற்றிலை போடாத மனுஷனுக்கு ஈறு இப்படி இருக்கிறதே என்று நானே எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். மணிக்கட்டு தொய்ந்துபோனதும் வயிற்று வலியும் இதனால்தானாம். மருந்து இருக்கிறது, நாளாகும்.

அஞ்சலாட்சிக்கும் இருக்கிறது. கால்சியம், இரும்பு மாத்திரை கொடுத்து, வாராவாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கும். பதினைந்து நாளாக நான் அதைத் தொடவில்லையே என்று டாக்டரிடம் தனியாகச் சொன்னேன். டாக்டர் சின்ன வயசு, என்னை நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொண்டே சொன்னார். இது எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். வருடக்கணக்கில் இருக்குமாம். குழந்தை உண்டானால் எலும்பிலிருந்து சுண்ணாம்பு இறங்கும்போது இதுவும் சேர்ந்து இறங்குமாம்.

அப்படியானால் சிங்க்கில் கொட்டியதால் ஒரு பயனும் இல்லை.

மார்ச் 22, வெள்ளி

ஆஸ்பத்திரி. நான்காவதும் தங்கவில்லை.

மார்ச் 26, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டோம். இவர் ரசம் வைத்தார். புளி கூடிப்போய்விட்டது. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

ஏப்ரல் 3, புதன்

வேலைக்குப் போனேன். நான் இல்லாத நாட்களில் டியூபெல்லாம் கழுவாமல் கிடந்தது. நூற்று நாற்பது டியூப். கழுவி முடிக்க மதியம் ஆகிவிட்டது. திரவம் தீர்ந்துவிட்டது, மறுபடி தோல் பொடிக்க வேண்டும் என்றார் மேடம். பொடித்தேன். ஃப்ளாஸ்க் வரவில்லை என்று பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் வாசலைப் பார்த்துவிட்டேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

மேடம் வீட்டுக்கு வந்தார். ஆப்பிள், ஹார்லிக்ஸ் பாட்டில். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது இவரிடம், “நான் சொல்லியனுப்பின அன்னைக்கே பாய்லரை நிறுத்தினீங்களே, ரிப்போர்ட் வரட்டும்னு ஒன்பது நாள் காத்திருக்கல. எல்லாரும் அப்படிச் செய்ய மாட்டாங்க” என்றார்.

இவர் என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான்.

“ஆமாங்க மேடம்” என்றார்.

வாசல்வரை போய் ஆட்டோ ஏற்றிவிட்டு வந்தார். மேடம் குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்.

ஏப்ரல் 13, சனி

காலையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். இவர் பக்கத்தில் வந்து நின்று கிளிப்பை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். அப்புறம் கேட்டார்.

“அந்த ஒம்போது நாளு, ஃப்ளாஸ்க்குல அனுப்புனத என்னா பண்ண?”

“கொட்டிட்டேன்.”

“நானும் அதத்தான குடிச்சிக்கிட்டிருந்தேன்.”

குறையாகச் சொல்லவில்லை. கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஈயம் பூசச் சொன்னது நான்தானே, அந்த ஆளைக் கூட்டிவந்ததும் நான்தானே, முந்தின மூன்றும் என்னால் போயிருக்கிறது என்று அன்றைக்கு உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்றேன். இதை இப்படி வாய்விட்டு நான் சொன்னது அப்போதுதான்.

“அது எனக்கு ஏழாந்தேதியே தெரியும் அம்சா” என்றார். “நல்லதுக்குத்தான் செஞ்ச. அத நான் என்னைக்கும் கேக்க மாட்டேன்.”

கடைசிக் கிளிப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“எங்கிட்ட சொல்லாதது போவட்டும். ஆனா நான் அந்தப் பொண்ணுக்கு அந்த ஒம்போது நாளும் என் கையால ஊத்திக் குடுத்துருக்கேன். பாலு கூட ஊத்தி. அவகிட்ட நீ போய்ச் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்.”

ஏப்ரல் 22, திங்கள்

போகவில்லை.

மே 6, திங்கள்

பூக்கடைவரை போனேன். அஞ்சலாட்சிக்குக் கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். “ஒனக்கு நடந்தது தெரியுங்க்கா, வந்து பாக்கணும்னுதான் இருந்தேன், நானே இப்படி வந்தா ஒனக்கு மனசு கஷ்டமா இருக்கும்னு வர்ல” என்றாள்.

பூ வாங்கிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன். இவர் பூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சட்டியில் பால் பொங்கிவிட்டது, ஓடிப்போய் இறக்கினார். இப்போது எவர்சில்வர் சட்டியில்தான் போடுகிறார். பழைய ஆட்களில் பாதிப் பேர்கூட வரவில்லை.

மே 17, வெள்ளி

தோல் நான்காவது மூட்டை. மேடத்தின் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்களாம். நன்றி சொல்கிற இடத்தில் என் பெயரும் போட்டிருக்கிறார். என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். மிக்ஸியைப் போட்டேன். எடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

மே 24, வெள்ளி

அஞ்சலாட்சிக்கு நேற்று பெண் குழந்தை பிறந்துவிட்டது. ஒன்றேமுக்கால் கிலோ. கண்ணாடிப் பெட்டியில் ஒரு நாள் வைத்துவிட்டு, இன்று தாயிடம் கொடுத்துவிட்டார்கள். மண்டி வாசலில் சொன்னார்கள் என்று இவர் வந்து சொன்னார். சொல்லிவிட்டு அங்கேயே நின்றார்.

நாளைக்குப் போகிறேன் என்றேன்.

மே 25, சனி

பிரசவ வார்டில் ஜன்னலோரக் கட்டில். அவள் அம்மா கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தார். குழந்தை பழைய வேட்டித் துணிக்குள் இருந்தது. முகம் மட்டும் வெளியே தெரிந்தது, ஒரு கை அளவுதான் இருக்கும். தூங்கிக்கொண்டிருந்தது. குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்திருக்கிறார்கள், ரிசல்ட் இன்னும் வரவில்லை என்றாள் அஞ்சலாட்சி. அழுவுற சத்தம்கூட பூனக்குட்டி மாதிரிதாங்க்கா இருக்கு, என்றாள். தூக்கிக்கிறயா என்று கேட்டாள்.

வேண்டாம், முதலில் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன்.

சொன்னேன். பிப்ரவரி இருபத்தேழாம் தேதியே எனக்குத் தெரியும் என்று சொன்னேன். மேடம் நிறுத்தச் சொன்னதையும், நான் நிறுத்தச் சொல்லாததையும். எனக்கு வந்ததை ஒன்பது நாளும் சிங்க்கில் கொட்டினதையும். நீ கனகாம்பரம் கொடுத்த அன்றைக்கு உன் கையில் இருந்த கிளாஸைப் பார்த்துக்கொண்டே நின்றதையும் சொன்னேன். உறுதியாகத் தெரியாமல் இருந்தது என்று சொல்ல நினைத்திருந்தேன். அதைச் சொல்லவில்லை.

பக்கத்துக் கட்டிலில் யாரோ சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒன் வயித்துல இருந்ததுக்காகத்தான கொட்டுன?”

“ஆமா.”

“அப்ப அதுல இருக்குன்னு ஒனக்கு உறுதியாத்தான் தெரிஞ்சிருக்கு.”

அவள் குழந்தையை மெதுவாகத் தூக்கிச் சுவர்ப்பக்கமாகக் கிடத்தினாள். எனக்கும் குழந்தைக்கும் நடுவில் அவள் முதுகு வரும்படி ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

அவள் அம்மா கஞ்சித் தூக்கோடு வந்தார். என்னைப் பார்த்துவிட்டு, யாருடி இது, நிக்க வச்சிருக்க, உக்காரச் சொல்லக்கூடாதா என்று மகளைக் கேட்டார்.

அஞ்சலாட்சி திரும்பாமலே சொன்னாள்.

“டீக்கடை அக்கா. கெளம்பிட்டாங்க.”